கழுத்திலிருந்தா, இடுப்பிலிருந்தா? தளர்வான ஸ்வெட்டர் பின்னும் வழிகள்

தங்கைக்காக நான் பின்னிய முதல் ஸ்வெட்டரை அவள் தலைவழியாக மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றாள். “அக்கா, இதில் பறக்கவும் செய்யலாமா?” என்று கேட்டாள். கழுத்து நன்றாக அமைந்திருந்தது. உடம்பும் கேட்டபடி தாராளமாக இருந்தது. அக்குளில் மட்டும் இரண்டு வௌவால் இறக்கைகள் தொங்கின. எங்கும் கண்ணி நழுவவில்லை, எண்ணிக்கை தவறவில்லை. எளிது என்று எல்லோரும் சொன்ன முறையைச் சொன்னபடியே செய்திருந்தேன். அந்த முறை தளர்வான உடைக்கு எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காததுதான் பிழை.

சாதாரண, தளர்வான, தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் ஒன்றைப் பின்ன முடிவு செய்தவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. கழுத்தில் தொடங்கி, வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும் ராக்லான் முறை ஒன்று. கீழ்ப் பட்டையில் தொடங்கிச் சுற்றாகவே அக்குள்வரை ஏறி, அங்கே கைகளைச் சேர்த்துக்கொண்டு கழுத்துவரை போவது இன்னொன்று. முன், பின், இரண்டு கைகள் என நான்கு துண்டுகளைத் தனித்தனியாகப் பின்னித் தைத்துச் சேர்ப்பது மூன்றாவது. இவற்றில் எது எளிது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் வேறு கேள்வி கேட்பேன்: இந்த முறையில் ஒரு தவறு செய்தால் அது எப்போது கண்ணில் படும், அப்போது எவ்வளவு பிரிக்க வேண்டியிருக்கும்?

ஒப்பிடுவதற்கு ஓர் உடம்பு வேண்டும். தங்கையின் அளவையே எடுத்துக்கொள்கிறேன். மார்புச் சுற்றளவு 92 செ.மீ., முதுகில் தோள் எலும்பிலிருந்து தோள் எலும்புவரை 38 செ.மீ., தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டுவரை 58 செ.மீ. உடலளவுக்கு மேல் 5 செ.மீ. விட்டால் ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டி நிற்கும். 10 விட்டால் வழக்கமான பொருத்தம். தளர்வாக வேண்டுமென்றால் 15 முதல் 25 வரை விடலாம். நான் 20 விட்டேன். ஆக ஸ்வெட்டரின் சுற்றளவு 112 செ.மீ. நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூலை 5 மி.மீ. ஊசியில் பின்னினால் எனக்கு 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்தில் 24 வரிசைகளும் வருகின்றன. 112 செ.மீ.க்கு ஏறக்குறைய 200 கண்ணிகள். கட்டுரை முழுக்க இந்த எண்களையே வைத்துக்கொள்வோம்.

கழுத்திலிருந்து இறங்கும் ராக்லானைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பவர்களிடம் நல்ல நியாயம் இருக்கிறது. தையலே கிடையாது. பாதியில் கண்ணிகளை ஒரு நூலுக்கு மாற்றிவிட்டு ஸ்வெட்டரை மாட்டிப் பார்க்கலாம். நீளம் போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம். நூல் தீரப்போகிறதென்றால் இரண்டு விரற்கடை முன்பே பட்டையைத் தொடங்கிவிடலாம். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ராக்லான் பிரபு 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர். அவருக்கு வசதியாகத் தைத்த மேலங்கியின் கையிலிருந்துதான் கழுத்துவரை ஏறும் இந்தச் சாய்வுக்கோடு வந்ததாகச் சொல்லப்படுகிறது. தோள் எலும்பு எங்கே இருக்கிறது என்று இந்த வெட்டு கவலைப்படுவதில்லை. யார் தோளிலும் உட்கார்ந்துகொள்ளும்.

விதியும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லும்படி இருக்கிறது: நான்கு கோடுகள், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் ஒரு கண்ணி கூட்டு, உடம்பு போதிய அகலம் வந்ததும் நிறுத்து. என் இறக்கைகள் இந்த விதியிலிருந்துதான் முளைத்தன. கழுத்தில் 84 கண்ணிகள் போட்டேன். முன்பக்கத்துக்கு 30, பின்பக்கத்துக்கு 30, கைக்குத் தலா 12. உடம்புக்கு 200 வேண்டும். அக்குளில் பக்கத்துக்கு 8 புதுக் கண்ணிகள் போடுவதால் மேலிருந்து 184 வந்தால் போதும். 60 கண்ணிகள் 184 ஆக வேண்டுமென்றால், கூட்டும் சுற்று ஒவ்வொன்றிலும் உடம்புக்கு 4 சேர்வதால், 31 முறை கூட்ட வேண்டும். அதாவது 62 சுற்றுகள், கிட்டத்தட்ட 26 செ.மீ. ஆழம். இதுகூடப் பரவாயில்லை. ஆனால் அதே 31 முறையும் கைகளும் கூடிக்கொண்டே போகின்றன. 12 கண்ணிகள் 74 ஆகி, அக்குளின் 8ஐயும் சேர்த்து 82 ஆயின. ஏறக்குறைய 46 செ.மீ. சுற்றளவு! தங்கையின் கைக்கு 36 செ.மீ. இருந்தாலே தாராளம்.

உடம்பை ஒட்டிய ஸ்வெட்டரில் இந்தச் சிக்கல் தலைகாட்டாது. உடம்பும் கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தேவையான அளவை எட்டிவிடும். உடம்புக்கு 20 செ.மீ. தளர்வு கேட்டு, கைக்கு அவ்வளவு கேட்காதபோதுதான் இரண்டும் பிரிந்து நடக்கத் தொடங்குகின்றன. மார்பளவு கூடக்கூட இடைவெளியும் கூடும். தீர்வு இருக்கிறது: கைகளின் கூட்டலை 23 முறையோடு நிறுத்திவிட்டு, உடம்பின் கூட்டலை மட்டும் தொடர்வது. கடினமில்லை. ஆனால் ‘ஒரே விதி, கண்ணை மூடிக்கொண்டு பின்னலாம்’ என்ற கவர்ச்சி அங்கே போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. ராக்லானின் ஆழம் வரிசைக் கணக்கை நம்பி நிற்கிறது. அகலக் கணக்கைச் சரியாகப் பிடிப்பவர்களுக்கும் வரிசைக் கணக்கு நழுவும். 24க்குப் பதில் 22 வரிசைகள் வந்தால் அந்த 62 சுற்றுகள் 28 செ.மீ. ஆகிவிடும். மாட்டிப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம். ஆனால் அக்குள்வரை வந்தபிறகுதான் பார்க்க முடியும். அப்போது பிரிப்பதென்றால் ஸ்வெட்டரின் மிகக் கடினமான பகுதியைத்தான் பிரிக்க வேண்டும்.

கீழிருந்து சுற்றாக ஏறும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதல் 40 செ.மீ. சொர்க்கம்: கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, வெறும் நிட் எனும் அடிப்படைக் கண்ணி மட்டும் சுற்றிச் சுற்றி. பேசிக்கொண்டே, ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பின்னலாம். நீளத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு கைகளைச் சேர்க்கும் சுற்றில் 300 கண்ணிகள் ஒரே ஊசியில் ஏறும்போது, முதல் நாலைந்து சுற்றுகளுக்கு ஊசி வளையவே மறுக்கும். கழுத்தைச் சுற்றிய தோள்பகுதியை ஒரே வட்டமாகப் பின்னும் வட்ட யோக் இதன் உடன்பிறப்பு. கழுத்தைச் சுற்றிப் பூவேலைப்பாடு வரும் ஐஸ்லாந்து ஸ்வெட்டர்களில் பார்த்திருப்பீர்கள். பல நிற வேலைப்பாட்டுக்காகவே அமைந்த வடிவம் அது. ஒரே நிறத்தில் வெறுமையாகப் பின்னினால் அதன் அழகு பாதிதான் தெரியும் என்பது என் எண்ணம்.

நான்கு துண்டுகள் என்றாலே பலருக்கு முகம் சுருங்குகிறது. “பின்னி முடித்தபிறகு தைக்கவும் வேண்டுமா?” என்பார்கள். நானும் அப்படித்தான் அதை ஒதுக்கினேன். இறக்கைக்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தளர்வான ஸ்வெட்டருக்கு இந்த முறை எப்படிப் பொருந்துகிறது என்று அப்போதுதான் புரிந்தது. உடம்போடு ஒட்டாத உடைக்குக் கைக்குழி வளைவு, கையின் மேல்வளைவு என்று எந்த நுணுக்கமும் தேவையில்லை. முன்னும் பின்னும் இரண்டு செவ்வகங்கள். கைகள் மேலே விரியும் இரண்டு பட்டைகள். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி மேல்கையில் இறங்கி நிற்கும். இறங்கிய தோள் என்பது இதுதான்.

ஒரு துண்டுக்கு 102 கண்ணிகள். 56 செ.மீ. அகலத்துக்கு 100, தையலுக்குள் மறையும் ஓரக்கண்ணிகள் 2. இரண்டு நிட், இரண்டு பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) என மாறிமாறி வரும் இரண்டுக்கு இரண்டு ரிப் பட்டையும் 102இல் அழகாக உட்கார்ந்து, இரு ஓரத்திலும் இரண்டு நிட் கண்ணிகளோடு முடியும். பட்டையை 4 மி.மீ. ஊசியில் பின்னிவிட்டு, பிறகு 5 மி.மீ.க்கு மாறுவேன்.

இந்த முறையில் விழ வாய்ப்புள்ள குழி ஒன்றுதான். விழுந்தால் மணிக்கட்டில் தெரியும். துண்டின் அகலம் 56, தங்கையின் தோள் 38. மீதமுள்ள 18 செ.மீ. பக்கத்துக்கு 9ஆகக் கையின் மேல் இறங்குகிறது. ஆகவே கையை 58 செ.மீ. பின்னக்கூடாது. 49 போதும். கையின் நீளத்தைத் தோளிலிருந்து அளந்து, அந்த எண்ணையே பின்னிவிட்டு, விரல் நுனிவரை மூடும் ஸ்வெட்டரோடு விழிப்பவர்கள் இந்தக் கழித்தலை மறந்தவர்கள்தான்.

சுத்தமான செவ்வகத்திலும் அக்குளில் கொஞ்சம் துணி திரளும் என்பதை மறைக்க மாட்டேன். 22 செ.மீ. ஆழக் கைக்குழிக்குக் கையின் மேல்முனை 44 செ.மீ. வேண்டும். பார்த்தால் என் பழைய இறக்கையின் அளவுதான். ஆனால் இங்கே அந்த அகலம் தோளிலிருந்து 9 செ.மீ. தள்ளித் தொடங்கி, மணிக்கட்டை நோக்கி ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதால் தொங்கல் மிகவும் குறைவு. அதையும் குறைக்க ஒரு சிறு திருத்தம் உண்டு. அக்குளை எட்டியதும் இரு ஓரத்திலும் 8 கண்ணிகளை முடித்துவிட்டு, மீதி 86 கண்ணிகளோடு நேராக மேலே போவது. ஒரே ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். தோள் 9க்குப் பதில் நாலரை செ.மீ. மட்டும் இறங்கும். கையின் நீளம் 53.5 ஆகும். கையின் கடைசி நாலரை செ.மீ.யைக் கூட்டாமல் நேராகப் பின்னி, அந்தப் படிக்கட்டுக்குள் பொருத்தித் தைத்தால் அக்குள் சமர்த்தாக அடங்கிவிடுகிறது. தளர்வான ஸ்வெட்டருக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பேரம் இல்லை.

தையலைப் பற்றிய பயத்தையும் பேசிவிட வேண்டும். பக்கவாட்டுத் தையல் துணி தைப்பது போன்றதல்ல. நல்ல பக்கம் மேலே இருக்க இரு துண்டுகளையும் அருகருகே வைத்து, ஓரக்கண்ணிக்கு உட்புறம் உள்ள குறுக்கு இழையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மொட்டை ஊசியால் ஏணிப்படிபோலக் கோத்துக்கொண்டு போக வேண்டும். பத்துப் படி கோத்ததும் நூலை மெல்ல இழுத்தால் இரு ஓரங்களும் ஜிப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. தையல் காணாமலே போகிறது. அந்தக் கணத்துக்காகவே நான் இன்னொரு ஸ்வெட்டர் பின்னுவேன். இதற்கு ஒரே நிபந்தனை: முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். டேப்பை நம்பாதீர்கள். பின்னல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். 20 வரிசைக்கு ஒரு வண்ண நூலைக் கோத்து வைத்து வரிசைகளை எண்ணுங்கள். தோள்களைத் தைக்கவே வேண்டாம். கண்ணிகளை முடிக்காமல் ஊசியிலேயே விட்டு, இரு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து மூன்றாவது ஊசியால் ஒன்றாக முடித்தால் தோள் உறுதியாக நிற்கும்.

சுற்றுப் பின்னலைவிட இந்த முறையில் பின்தங்கும் இடமும் உண்டு. ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று திரும்பித் திரும்பிப் பின்ன வேண்டும். பலருக்குப் பர்ல் வரிசை சற்றுத் தளர்வாக விழும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே வரி வரியாகத் தெரியும். பர்ல் வரிசைக்கு அரை மி.மீ. சிறிய ஊசியைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும். இதே காரணத்தால், கண்ணிக் கணக்கை அளக்க முதலில் பின்னும் சிறு மாதிரித் துண்டையும் எந்த முறையில் பின்னப்போகிறோமோ அந்த முறையிலேயே பின்ன வேண்டும். முன்னும் பின்னுமாகப் பின்னிய துண்டில் 18 வந்தவருக்குச் சுற்றுப் பின்னலில் 20 வரக்கூடும். இரண்டே கண்ணி என்று தோன்றும். ஆனால் அந்த 200 கண்ணிகள் 112 செ.மீ.க்குப் பதிலாக 100 செ.மீ.யில் நின்றுவிடும். தளர்வுக்காக ஒதுக்கிய 20இல் 12 போய்விட்டது. இப்போது கையில் இருப்பது சாதாரணமான, கொஞ்சம் இறுக்கமான ஸ்வெட்டர்.

துண்டு முறைக்கும் சுற்று முறைக்கும் நடுவே பழைய வழி ஒன்று இருக்கிறது. பிரிட்டன் கடற்கரை மீனவர்களின் கான்சி ஸ்வெட்டர்களில் கையைத் தனியாகப் பின்னித் தைப்பதில்லை. தோளைச் சேர்த்தபிறகு கைக்குழி ஓரத்திலேயே கண்ணிகளை எடுத்து, மணிக்கட்டை நோக்கிப் பின்னிக்கொண்டு போவார்கள். முழங்கையும் மணிக்கட்டும்தான் முதலில் தேயும். அந்தப் பகுதியை மட்டும் உருவிப் புது நூலில் பின்னிக்கொள்ளலாம். கையின் நீளத்தை மாட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம் என்பது நமக்குக் கிடைக்கும் லாபம். நான்கு வரிசைக்கு மூன்று கண்ணிகள் என்ற கணக்கில் எடுக்க வேண்டும். என் 24 வரிசை, 18 கண்ணிக் கணக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. முழு ஸ்வெட்டரும் மடியில் கிடக்க, கையைப் பின்னும்போது அதையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. தனித்துண்டாக இருந்தால் கை ஒரு சிறு பைக்குள் அடங்கும்.

நூலையும் முறையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். கம்பளி இழைக்கு இயல்பிலேயே சுருள் உண்டு. இழுத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆகவே தையலே இல்லாத ராக்லானையும் அது தாங்கும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. எடையும் கூடுதல். 20 செ.மீ. தளர்வோடு பின்னிய பருத்தி ஸ்வெட்டர் தன் எடையாலேயே நாளாக ஆக நீளும். சுற்றாகப் பின்னியிருந்தால் சில நூல்களில் உடம்பு முறுக்கிக்கொண்டு, பக்கவாட்டுக் கோடு முன்னால் வந்து நிற்கும். தோளிலும் பக்கங்களிலும் ஓடும் தையல்தான் அதற்கு முதுகெலும்பு. பருத்தி என்றால் துண்டு முறை, எனக்கு இதில் இரண்டாவது யோசனை இல்லை. மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கையில் சாதுவாக இருக்கும், நனைந்ததும் நீளும். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைக்காமல் அதை நம்பக்கூடாது. அக்ரிலிக் துவைக்கச் சுலபம், எடை குறைவு. ஆனால் கம்பளியைப்போல் நனைத்து, விரித்து, வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துணி உயிரிழந்து, கஞ்சி போன வேட்டிபோல் தொய்ந்துவிடும். அதற்கு மருந்தே இல்லை. எந்த நூலாக இருந்தாலும் இந்த அளவு ஸ்வெட்டருக்கு நடுத்தரத் தடிமனில் சுமார் 1,200 மீட்டர் வாங்குவேன். 100 கிராமுக்கு 200 மீட்டர் வரும் கம்பளி என்றால் 600 கிராம். கூடவே ஓர் உருண்டை அதிகமாக, அதே சாயத் தொகுதியில்.

ஆக, யாருக்கு எது? நீளம் எவ்வளவு வேண்டுமென்று தெரியாதவர், நூல் போதுமா என்ற சந்தேகத்தில் இருப்பவர், கம்பளியில் பின்னுபவர், கையையும் உடம்பையும் தனித்தனிக் கணக்கில் கூட்டப் பொறுமை உள்ளவர் மேலிருந்து இறங்கும் ராக்லானை எடுக்கட்டும். பர்ல் என்றாலே கசப்பவர் கீழிருந்து சுற்றாக ஏறட்டும். பருத்தியில் பின்னுபவரும், பஸ்ஸிலும் காத்திருப்பு அறையிலும் பின்னுபவரும், முதல் ஸ்வெட்டரைத் தொடங்குபவரும் படிக்கட்டு வைத்த இறங்கிய தோளை, நான்கு துண்டுகளாகப் பின்னலாம். முதல் ஸ்வெட்டருக்கு ராக்லான்தான் என்பது பரவலான அறிவுரை. தளர்வான ஸ்வெட்டரைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கவில்லை.

துண்டு முறையில் இன்னொரு சலுகையும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். எந்தத் துண்டையும் முதலில் பின்னலாம். தங்கையின் இரண்டாவது ஸ்வெட்டரை ஒரு கையிலிருந்து தொடங்கினேன். மணிக்கட்டில் 42 கண்ணிகள், இரு ஓரத்திலும் 19 முறை கூட்டி, மேலே 80. முடித்ததும் துவைத்து, துவாலையின் மேல் விரித்துக் காயவைத்து அளந்தேன். மாதிரித் துண்டில் 18 காட்டிய நூல், இவ்வளவு பெரிய துணியில் 17ஆகத் தளர்ந்திருந்தது. உடம்பிலிருந்து தொடங்கியிருந்தால் 102 கண்ணி அகலத்தில் ஒரு முழுத் துண்டைப் பின்னி முடித்தபிறகுதான் இது தெரிந்திருக்கும். இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் 98 போட்டால் போதும் என்று தாளில் திருத்தினேன். கையை என்ன செய்வது? மேல்முனை இப்போது ஏறக்குறைய 46 செ.மீ.; அதாவது கைக்குழி 22க்குப் பதில் 23 செ.மீ. ஆழம் இருந்தால் அது அப்படியே பொருந்தும். நீளத்துக்காக மேலே இரண்டு வரிசைகளை மட்டும் உருவினேன். தங்கை அந்த ஒற்றைக் கையை மாட்டிக்கொண்டு அன்று மாலை முழுவதும் வீட்டுக்குள் நடமாடினாள். மேலும் பிரிக்க ஒன்றுமில்லாததால் நான் அடுத்த துண்டுக்குக் கண்ணி போட உட்கார்ந்தேன்.